கோவாப் பூச்சிக்கு மஞ்சள் தண்ணீர்

ஜெனோவாவில் எங்கள் கப்பலைப் பழுது பார்க்கத் தளத்தில் ஏற்றினார்கள். இரண்டு மூன்று கிழமைக்கு அடுப்பு எரியாது, எங்கேயாவது போய்விட்டு வாருங்கள் என்று எங்களை இறக்கிவிட்டார்கள். நான் அந்தக் கப்பலில் சமையற்காரனுக்கு உதவியாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஓரிடத்தில் ஒரு வருடம் முழுதாக இருந்தவனல்ல. எங்கே போவது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. என் மாமாவின் மகன் யோகன் சுவிட்சர்லாந்தில், பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தான். அவனுக்கென்று கொழும்பில் வாங்கிய மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சீரகம் எல்லாம் என் பெட்டியின் அடியில் கிடந்தன. அவற்றைக் கொடுப்பதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் ரயில் நெடுநேரம் ஓடியது. மறுபக்கம் வந்தபோது புல்லைக்கூட யாரோ எண்ணெய் வைத்துச் சீவி விட்டதுபோல் இருந்தது. வீடுகளின் விறகு அடுக்குகளில் ஒரு கொள்ளி வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. எதிரே இருந்த மனிதர் அப்பிள் ஒன்றைத் தின்று முடித்து, நடுத்தண்டைக் காகிதத்தில் சுற்றி, காகிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தார். என் கையிலிருந்த தோடம்பழத் தோலை என்ன செய்வது என்று தெரியாமல் பேர்ண் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஓஸ்டர்முண்டிகன் ஸ்டேஷனில் யோகன் காத்து நின்றான். கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. கூட்டிக்கொண்டு போய் அறையைத் திறந்தவன், கட்டிலைக் காட்டவில்லை, அடுப்பைக் காட்டவில்லை. நேரே யன்னலடிக்குப் போனான்.

"பாத்தியோ மச்சான், யன்னல்."

"யன்னல்தான். அதுக்கென்ன?"

"உனக்கு விளங்காது. நான் ஏழு மாசம் நிலத்துக்குக் கீழ கிடந்தனான்."

அகதியாக வந்தவர்களை ஊர்ச்சபை ஒரு நிலக்கீழ்ப் பதுங்கிடத்தில் தங்கவைத்திருந்தது. யுத்தம் வந்தால் சனம் ஒளிப்பதற்கென்று கட்டிய இடம். கதவு ஒரு முழம் தடிப்பு. இரவா பகலா என்று மணிக்கூட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். யுத்தத்துக்குப் பயந்து வந்தவனை யுத்தத்துக்குக் கட்டிய குழிக்குள் விட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தான். வேலை கிடைத்த பிறகுதான் வெளியே அறை எடுக்க விட்டார்கள். வேலை நின்றால் அறையும் போகும், திரும்பக் கீழே இறங்க வேண்டும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, பார்த்துத்தான் சொல்வார்களாம்.

என்ன வேலை என்று கேட்டேன்.

"பூச்சி வளக்கிற இடத்தைக் கூட்டிக் கழுவுறது."

சோறும் பருப்பும் தகரத்தில் அடைத்த மீனில் குழம்பும் வைத்தான். என் மிளகாய்த்தூளை அளவில்லாமல் போட்டுவிட்டு இரண்டு பேரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டோம். என் அழுக்கு உடுப்பைத் தோய்க்க எடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்தான். கட்டடத்தில் எல்லோருக்கும் ஒரே தோய்க்கும் அறை. அதன் பூட்டுக்குரிய திறப்பு ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறைவைத்து வரும். யோகனின் முறை அடுத்த மாதம். வந்த புதிதில் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டின் பின்கோடியில் கயிறு கட்டிச் சாரம் காயப்போட்டானாம். கீழ்வீட்டு அம்மா வந்து, ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடுவது ஆண்டவருக்கும் அயலவருக்கும் பிடிக்காது என்று சொல்லிவிட்டுப் போனாவாம்.

"இஞ்சை சுத்தமா இருக்கவும் நேரம் காலம் இருக்கு" என்றான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் பகல் முழுவதும் நித்திரை கொண்டேன். கப்பலில் கிடைக்காத நித்திரை அது, ஆடாத கட்டில். பின்னேரம் யோகன் விசிலடித்துக்கொண்டு வந்தான்.

"இண்டைக்கு வேலை வடிவாச் செய்துபோட்டன் மச்சான். திங்கக்கிழமை ஃப்ராவ் டொக்டர் வந்து பாத்தா அசந்து போவா."

ஃப்ராவ் டொக்டர் என்பது ரெகுலா. யோகன் வேலை செய்யும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சிகளைப் படிக்கிறவர். இவனுக்காகப் பேசி இந்த வேலையை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

ரெகுலா திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே வீட்டுக்காரரின் தொலைபேசியில் கூப்பிட்டார். யோகன் கேட்டுவிட்டு வந்து சப்பாத்தைப் போட்டான். போடும்போது நாடாவை இரண்டு தரம் பிழையாகக் கட்டினான்.

"என்னவாம்?"

"முட்டையெல்லாம் மஞ்சளாப் போச்சாம். ஏதோ புது வருத்தமாம். நான் வெள்ளிக்கிழமை என்ன கண்டனான் எண்டு கேக்கிறா."

"நீ என்ன கண்டனி?"

அவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். நானும் கூடப் போனேன்.

நிலையம் பஸ்ஸில் போகும் தூரம். உள்ளே ஒரு சின்ன அறை, குளிரும் இல்லை சூடும் இல்லை. வலை போட்ட பெட்டிகளில் கோவா இலைகள். முட்டைக்கோவாவில் வந்து குந்தும் பூச்சிதான் ரெகுலாவின் படிப்பு. நகத்தளவு, கறுப்பில் சிவப்புப் புள்ளி, பார்க்க வடிவான பூச்சி. கதவைத் திறந்ததும் வந்த வாசத்தில் எனக்கு வாய் ஊறியது. பச்சைக் கொத்தமல்லி இலையைக் கசக்கின வாசம். பூச்சியைத் தொட்டால் விடுகிற நாற்றம் அது என்றான் யோகன். இந்த நாட்டுக் கடைகளில் எங்கு தேடியும் கிடைக்காத வாசம் ஒரு பூச்சியின் விலாவில் இருந்தது.

ரெகுலா உயரமான பெண். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தார். எங்களுக்கு வணக்கம் சொல்லிக் கைகொடுத்துவிட்டு, உருப்பெருக்கிக்குக் கீழே பார்க்கச் சொன்னார். முட்டைகள் இரண்டு வரிசையாக நின்றன. அசல் பீப்பாய்கள். கறுப்பு வளையம் போட்டு, மேலே மூடி வைத்து, யாரோ தச்சன் செய்து அடுக்கிய மாதிரி. வெள்ளையாக இருக்க வேண்டியவை எல்லாம் நல்ல மஞ்சள். ரெகுலாவின் முகத்தில் கவலையும் இருந்தது, புதிதாக ஒன்றைக் கண்ட சந்தோசமும் இருந்தது.

"இப்படி ஒரு நோயை நான் எந்தப் புத்தகத்திலும் காணவில்லை" என்றார்.

நான் குனிந்து மணந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த மணம்.

"டேய்" என்றேன் யோகனிடம், "இது என்ர மஞ்சள் எல்லோ?"

யோகன் நிலத்தைப் பார்த்தான். பிறகு தனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் கொட்டினான். விளங்காத இடத்தை நான் துறைமுக ஆங்கிலத்தில் நிரப்பினேன். நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை பெட்டிகளைத் துடைக்கும்போது முட்டைகளைச் சுற்றிப் பழுப்பாக ஏதோ பூசியிருப்பதைக் கண்டிருக்கிறான். தாய்ப் பூச்சியின் பீ. பிள்ளை பிறக்கப்போகிற இடத்தில், அதுவும் வெள்ளிக்கிழமையில், இந்த அசிங்கமா என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடி துடைக்கும் ஸ்பிரிட்டை மெல்லிய தூரிகையில் தொட்டு ஒவ்வொரு முட்டையாகக் கழுவியிருக்கிறான். ஒரு முட்டை உடையாமல். அதன் பிறகு, கிருமி அண்டாமல் இருக்கட்டும் என்று, நான் நித்திரையாய்க் கிடக்க மத்தியானம் அறைக்கு வந்து எடுத்துப்போன என் மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து ஒற்றியிருக்கிறான். பிள்ளை பிறந்த துடக்குக் கழிக்கிற வீட்டில் செய்வதுபோல.

ரெகுலா கதிரையை இழுத்து இருந்தார்.

"எல்லா முட்டையுமா?"

"எல்லாம்" என்றான் யோகன். அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு இலகுவாக இருந்திருக்கும். கோப்பி ஊற்றித் தந்து, குழந்தைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினார். கோவாச் சாற்றில் பூச்சி வளர்வதற்கு வேண்டிய எல்லாம் இல்லை. இல்லாததைச் செய்து கொடுக்கிறவை பக்டீரியா என்ற கிருமிகள். குடலின் கடைசியில் சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன, அவற்றுக்குள் அவை குடியிருக்கின்றன. பூச்சி அவற்றுக்கு வீடு கொடுக்கிறது, அவை பூச்சிக்குச் சமைத்துக் கொடுக்கின்றன. ஆனால் பிறக்கும் குஞ்சின் குடலில் அவை இல்லை. அதனால்தான் தாய் முட்டையில் பூசிவிட்டுப் போகிறது. குஞ்சு வெளியே வந்ததும் இலையைத் தேடாது. முட்டைக் கோதைத்தான் முதலில் உறிஞ்சும்.

எனக்கு இது உடனே விளங்கியது. கப்பலில் தயிருக்கு உறை போடுகிறவன் நான்தான். முதல்நாள் தயிரில் ஒரு கரண்டி இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பாலும் தயிராகாது. யோகன் ஒவ்வொரு சட்டியிலிருந்தும் உறையைக் கழுவி ஊற்றிவிட்டான்.

"இதே சோதனையை இலையுதிர்காலத்தில் செய்ய நினைத்திருந்தேன்" என்றார் ரெகுலா. "பாதி முட்டையைக் கழுவி, பாதியை விட்டு. கிருமியை நிறுத்தினால் தோட்டத்துக்கு நஞ்சு அடிக்காமல் பூச்சியை நிறுத்தலாமா என்று பார்ப்பதற்கு. நீங்கள் முழுவதையும் செய்துவிட்டீர்கள்."

"தாய்ப் பூச்சி இருக்குதுதானே, அதின்ர பீயை எடுத்துத் திரும்பப் பூசினால்?" யோகன் கேட்டதை நான் மொழிபெயர்த்தேன்.

ரெகுலா தட்டிலிருந்த ஒரு போத்தலைக் காட்டினார். தாய்களை எல்லாம் வியாழக்கிழமையே குடலைப் பார்ப்பதற்காக அல்கஹோலில் போட்டுவிட்டார். நடந்த பிழையில் அது தன்னுடைய பங்கு என்று அவரே சொன்னார். முட்டைகள் நாளைக்கோ மறுநாளோ பொரிக்கும். குஞ்சுகள் கொஞ்ச நாள்தான் கோதைவிட்டு அசையாமல் இருக்கும். அதற்குள் தோட்டத்திலிருந்து தாய்ப் பூச்சிகள் கிடைக்க வேண்டும். யோகனை நிரந்தரமாக்குவதா என்று முடிவுசெய்கிற நிர்வாகி லீவில் போயிருந்தார், இரண்டு கிழமையில் வருவார்.

"நடந்ததை நான் அவரிடம் மறைக்க முடியாது. குஞ்சுகள் பிழைத்தால் அது ஒரு சம்பவம். செத்தால் நட்டம். அவருக்குச் சம்பவம் பிடிக்கும், நட்டம் பிடிக்காது."

யோகன் திரும்பும் வழியில் பஸ்ஸின் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ரெகுலா சைக்கிளில் நகரத்து வீட்டுத்தோட்டங்களுக்குப் போனார். நாங்கள் இரண்டு பேரும் அவர் தந்த வலைமூடிப் பெட்டிகளோடு ரயிலில் கேர்ட்சர்ஸ் பக்கம் போனோம். அது கறுப்பு மண் சமவெளி, கண்ணுக்கு எட்டின தூரம் மரக்கறி. போன வருடம், நிலத்துக்குக் கீழே இருந்த காலத்தில், யோகன் அங்கே ஹான்ஸ் என்ற கமக்காரரிடம் சில நாள் கூலிக்குக் கோவா வெட்டியிருந்தான்.

ஹான்ஸ் தேவாலயத்துக்குப் போய்வந்த கறுப்புக் கோட்டோடு வாசலில் நின்றார். விசயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"என் வாழ்நாள் முழுக்க அந்தப் பூச்சியைப் போ போ என்று துரத்துகிறேன். நீங்கள் ரயில் பிடித்துக் கூப்பிட வந்திருக்கிறீர்கள்."

வயலில் இறங்கிப் பார்த்தோம். வரிசை வரிசையாகக் கோவா, ஒரு பூச்சி இல்லை. போன கிழமைதான் மருந்து அடித்தாராம். யோகன் ஒவ்வொரு இலையாகப் புரட்டினான். யாழ்ப்பாணத்தில் புகையிலைக் கன்றில் புழுப் பொறுக்கியவன், கண் பழகினவன். பூச்சி இல்லாத தோட்டத்தைப் பார்த்து ஒரு மனிதன் அப்படி வாடி நின்றதை நான் வேறெங்கும் காணவில்லை.

மருந்து அடிக்காத இடம் ஒன்றே ஒன்று, ஹான்ஸின் மனைவியின் அடுக்களைத் தோட்டம். அந்த அம்மாவிடம் கேட்டபோது முகம் சிவந்துவிட்டது.

"என் தோட்டத்தில் பூச்சியா? யார் சொன்னது?"

அறுபது வருடமாக அந்தத் தோட்டத்தில் களையும் இல்லை, பூச்சியும் இல்லை என்று சொல்லி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். உருளைக்கிழங்கைச் சீவி வறுத்துத் தோசைபோல் தட்டையாக்கி, மேலே முட்டை பொரித்துப் போட்டிருந்தார். பக்கத்தில் புளித்த கோவா. நான் மூன்று தரம் வாங்கினேன். யோகன் ஒரு துண்டை வைத்துக்கொண்டு உருட்டினான். அந்த அம்மா கோப்பி போடத் திரும்பியதும் ஹான்ஸ் மேசைக்குக் குறுக்கே சாய்ந்தார்.

"மதிலோரம், காரக்கிழங்குச் செடியில். என் மனைவிக்குத் தெரியும். தெரியாதது மாதிரி இருக்கிறாள். கெதியாகப் போங்கள்."

செடி முழுக்கச் சிவப்பும் கறுப்புமாகப் பூச்சி. யோகன் முழங்காலில் இருந்து ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் விட்டான். எடுக்க எடுக்கக் கொத்தமல்லி வாசம் எழும்பியது. தலையை நிமிர்த்தியபோது அடுக்களை யன்னலில் அந்த அம்மா நின்றார். எங்களைப் பார்த்தார். திரையை மெல்ல இழுத்து மூடிக்கொண்டார்.

ஸ்டேஷனில் ரயிலை நான்தான் பார்த்தேன். யோகன் பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குறித்த நிமிடத்தில் ஒரு ரயில் வந்தது, ஏறினோம். இந்த நாட்டில் பிழையான ரயிலும் சரியான நேரத்துக்குத்தான் வரும். கொஞ்சத் தூரத்தில் ஸ்டேஷன்களின் பெயர்கள் மாறின. டிக்கெட் பார்க்கிறவர் பிரெஞ்சில் கதைத்தார். பேர்ணுக்கு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தோம்.

"ரயில் பாக்கத் தெரியாதவன் எப்பிடியடா கப்பல்ல உலகம் சுத்திறாய்?" என்றான் யோகன்.

"கப்பலை நான் ஓட்டிறேல்லை. வெங்காயம் உரிக்கிறனான்."

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, திரும்பும் ரயிலைப் பிடித்தோம். ஓடி ஏறிய அவசரத்தில் ஒரு பெட்டியின் மூடி இளகிவிட்டது. எதிரே தொப்பி வைத்த ஒரு வயதான அம்மா இருந்தார். முதலில் யன்னலைக் கொஞ்சம் திறந்தார். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்.

"உங்கள் சீஸ் நன்றாக முற்றிவிட்டதோ?"

"ஓம்" என்றான் யோகன், தமிழிலேயே.

அப்போது ஒரு பூச்சி அவருடைய கையுறையில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கத்தவில்லை. கையுறையை உயர்த்தி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நான் எனக்கிருந்த ஆங்கிலத்தில் உண்மையைச் சொன்னேன். தாய்ப் பூச்சிகள், ஆராய்ச்சிக்கு, குஞ்சுகள் காத்திருக்கின்றன, இவனுடைய வேலை. அந்த அம்மாவுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கைலேஞ்சியை எடுத்து விரித்துக்கொண்டு இருக்கைக்குக் கீழே குனிந்தார். பேர்ண் வருவதற்குள் தப்பினவற்றில் பெரும்பாலானவற்றை அவரே பிடித்துக் கொடுத்தார். இறங்கும்போது, பிள்ளைகள் பிழைக்கட்டும் என்று யோகனின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நிலையத்தில் ரெகுலா வாசலில் நின்றார். அவருக்கு நகரத்துத் தோட்டங்களில் இரண்டே பூச்சிதான் கிடைத்தனவாம். எல்லாத் தோட்டமும் அவ்வளவு சுத்தம். எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தவர் யோகனைக் கட்டிப்பிடித்தார். அவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

பீப்பாய்களின் மூடிகள் திறந்திருந்தன. குண்டூசித் தலையளவு குஞ்சுகள் கோதுகளைச் சுற்றி நெருங்கி நின்று மஞ்சளை உறிஞ்சிப் பார்த்துக்கொண்டிருந்தன. தாய்ப் பூச்சிகளை ஈரக் காகிதத்தில் விட்டு, அவை போட்டதைத் தண்ணீரில் கரைத்து, ரெகுலா தூரிகையைக் கையில் எடுத்தார். ஒரு கோதில் பூசினார். தூரிகையை யோகனிடம் நீட்டினார்.

"ஒரு முட்டைகூட உடையாமல் கழுவினவர் நீங்கள்தானே."

யோகன் பூசினான். ஒரு கூட்டத்தை மட்டும் பூசாமல் விடச் சொன்னார் ரெகுலா. வந்தது வந்துவிட்டது, வித்தியாசத்தையாவது பார்ப்போம் என்றார்.

பிறகு வந்த நாட்களை நான் மலை பார்க்கப் போய், மழை பார்த்துத் திரும்பிக் கழித்தேன். யோகன் வேலையால் வந்ததும் நான் கேட்பது ஒன்றுதான், குஞ்சுகள் எப்படி. முதலில் வித்தியாசம் ஒன்றும் இல்லை என்றான். பிறகு ஒருநாள் சப்பாத்தைக் கழற்றாமலே அறைக்குள் வந்தான். பூசின குஞ்சுகள் தோல் கழற்றிப் பருத்துவிட்டன. பூசாத கூட்டம் அப்படியே சிறுத்து நிற்கிறது, அரைவாசி விழுந்துவிட்டது. விழுந்தவற்றைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

"பாவம் மச்சான். சுத்தமா இருந்தே செத்துப்போச்சுதுகள்."

நிர்வாகி லீவால் வந்தார். ரெகுலா ஒன்றையும் மறைக்கவில்லை, மஞ்சளையும் சேர்த்துச் சொன்னார். அவர் உருப்பெருக்கியில் இரண்டு கூட்டத்தையும் பார்த்துவிட்டு, இந்த மனிதரைக் கூட்டுகிற வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றாராம். யோகனுக்கு உயிர் போய்விட்டது. அடுத்த வசனம் வரும்வரைக்கும்தான். இனிமேல் அவனுக்கு வேலை பூச்சி அறைக்குள்ளேயே. ஒவ்வொரு முறை முட்டை வரும்போதும் சொல்கிற பாதியைக் கழுவ வேண்டும், மற்றப் பாதிக்குப் பூச வேண்டும். நிரந்தரம்.

நான் புறப்படும் நாளில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கூட்டுக்குள் இரண்டு பேரும் நெருங்கி நின்றோம். கொழும்பில் மகளோடு இருக்கும் மாமியிடம் யோகன் கதைத்தான். மாமியின் குரல் எனக்கும் கேட்டது. வேலை நிரந்தரமாகிவிட்டது என்றதும் அவ அழுது முடிக்கும்வரை பொறுத்து நின்றான்.

"ஓம் அம்மா, ஆராய்ச்சி நிலையத்திலதான். ஓம், வெள்ளைக் கோட்டுப் போட்டுத்தான்."

மாமி இன்னும் ஏதோ கேட்டா. யோகன் என்னைப் பார்த்தான். பிறகு தன் விரல்களைப் பார்த்தான். மணந்தும் பார்த்தான்.

"ஓம் அம்மா. நல்ல சுத்தமான வேலை."